பால் நின்ற மரங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு விந்தை நன்றாகத் தெரியும். நிரையில் எந்த மரம் மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்) நிரம்பி வழியப் பால் கொடுக்கிறதோ, பல சமயம் அதுதான் முதலில் நிற்கும். நிற்பதற்கு முன் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சுரக்கும். பால் நீர்த்திருக்கும். வாளியில் ஊற்றிக்கொண்டு போன பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் உளி போன கோட்டில் பாதித் தூரத்துக்குப் பால் வராது. இன்னும் சில வெட்டுகளில் கோடு முழுவதும் காய்ந்துவிடும். பட்டையைச் சுரண்டினால் உள்ளே பழுப்பாக இருக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் இலைகள் பச்சையாக, கிளைகள் செழிப்பாக, மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பால் சுரந்த உயிரணுக்கள் மட்டும் வேலையை நிறுத்திவிட்டன.

தோட்டத் துரைமார் இதைப் 'பிரவுன் பாஸ்ட்' என்றார்கள். கேரளத்து ரப்பர்க்காரர்கள் பட்டமரப்பு என்கிறார்கள். நூறாண்டுக்கும் மேலாக இந்த நோய் ஆய்வாளர்களை அலைக்கழித்திருக்கிறது. கிருமியைத் தேடினார்கள், பூஞ்சையைத் தேடினார்கள். எதையும் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சந்தேகம் மரத்தின் மேலேயே திரும்பியது. ஒன்றையொன்று தொடாதபடி உயிரணுவுக்குள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் புரதங்கள் சந்தித்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பிலிருந்து உயிரணுவின் முடிவு தொடங்குகிறது. இந்தப் புரிதலுக்கு வந்து சேர்ந்த பாதையின் ஒரு பெரும்பகுதி கோலாலம்பூரின் ஜாலான் அம்பாங்கிலும் சுங்கை பூலோவிலும் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாகப் போகிறது. அதன் அடியில் தமிழர்களின் உழைப்பு கிடக்கிறது.

1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவை பெரும்பாலும் இலங்கைக்குப் போயின. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ மலாயாவின் கோல கங்சாரில் நட்டார். அதற்கு முன் அமேசான் காட்டில் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் சீக்கிரம் சிதைந்துவிடும். 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி அந்த வழக்கத்தை மாற்றினார். பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, அதே கோட்டை மறுபடி மறுபடி திறந்தால், முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். காயத்துக்கு மரம் காட்டும் எதிர்வினையே தோட்டத் தொழிலின் மூலதனம் ஆயிற்று. அந்த எதிர்வினைக்கு ஒரு எல்லை உண்டு என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

1890-களின் நடுவில் காப்பி விலை சரிந்தபோது சிலாங்கூர்த் துரைமார் பால்மரத்தின் பக்கம் திரும்பினார்கள். காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கு நட்டவர்களில் இடம்பெறுகிறார்கள். கிள்ளானைச் சுற்றிய காப்பித் தோட்டங்களும் மாறின. 1886-ல் தொடங்கி 1890-ல் கிள்ளான் ஊருக்குள்ளேயே எட்டிய ரயில்பாதையும், 1901-ல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும், ஆட்களை உள்ளே கொண்டுவரவும் ரப்பரை வெளியே அனுப்பவும் தயாராக இருந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் துறைமுகத்தின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்து, கங்காணியின் பின்னால் லயத்துக்குப் போனார்கள். கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸின் ரயில் குடியிருப்புகளிலும் தமிழ் ஒலித்தது. அங்கே தண்டவாளம் போட்டவர்களும் நிலையம் பார்த்தவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் (எழுத்தர்கள்) இருந்தார்கள். புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகள் அவர்கள் கண்முன்தான் ரயிலில் கிள்ளானுக்குப் போயின.

1910-ல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலைக்கு மரத்தை ஓயவிட யாருக்கு மனம் வரும்? பல தோட்டங்களில் நாள் தவறாமல் வெட்டினார்கள். ஒரே மரத்தில் பல கோடுகள் போட்டார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் மலாயா, ஜாவா, சுமத்ரா, இலங்கை எங்கும் பட்டை காய்ந்த மரங்களைப் பற்றிய புகார்கள் குவிந்தன. 1921-ல் இரண்டு நூல்கள் வந்தன. மலாயாவில் ரப்பர் குரோவர்ஸ் சங்கத்துக்காகப் பணியாற்றிய சாண்டர்சனும் சட்கிளிஃபும் எழுதியது ஒன்று. ஜாவாவில் ரேண்ட்ஸ் எழுதியது மற்றொன்று. இது தொற்று என்று நம்பியவர்கள் அப்போது பலர். காய்ந்த பகுதியைச் சுற்றிக் கட்டைவரை பள்ளம் வெட்டி நோயைத் தனிமைப்படுத்தப் பார்த்தார்கள், பட்டையையே உரித்தெடுத்தார்கள். ரேண்ட்ஸ் வேறு விதமாகச் சொன்னார். அளவுக்கு மீறிப் பாலை வடித்ததால் மரத்தின் உடலியல் குலைகிறது என்பது அவர் முடிவு. அவர் காட்டிய திசை சரியானது. ஆனால் உடலியல் எப்படிக் குலைகிறது என்று பார்க்கும் கருவிகள் அன்று இல்லை.

இந்த இடத்தில் வெட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். நோயும் அதன் விடையும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கின்றன.

விடியுமுன் பெரட்டு. கங்காணியோ கிராணியோ பெயர் கூப்பிட்டு நிரையைப் பிரித்துக் கொடுத்ததும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மரங்களுக்குள் நடப்பார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் முப்பது டிகிரிச் சாய்வில் கோடு இறங்கும். பால்குழாய்கள் மரத்தில் நேராக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பில் வரவேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் அதிகமாக இறங்கினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்படலம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இருட்டில், கொசுக்கடியில், மரத்துக்கு அரை நிமிடம்கூட ஒதுக்க முடியாத அவசரத்தில் இந்த மில்லிமீட்டரைக் கை கணக்கிட்டது. ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் ஒட்டுப்பால் உருவி மங்கைத் துடைத்த குடும்பங்கள் ஏராளம். பெண்களும் நிறையவே வெட்டினார்கள்.

விடியற்காலை ஏன்? வெயில் ஏறினால் பால் குறையும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை எண்ணாக மாற்றியவர்கள் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பட்டரியும் போட்மனும். பால்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து 1964-ல் வெளியிட்டார்கள். விடியுமுன் அது பத்து வளிமண்டலத்துக்கும் மேலே நிற்கிறது. ஒரு கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் பல மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்குகிறது. உளி பட்டதும் குழாயில் இருப்பது பீறிட்டு வருவது இந்த அழுத்தத்தால்தான்.

வருவது என்ன என்பதுதான் முக்கியம். பால் என்பது மரம் வெளியேற்றும் கழிவு அல்ல, உணவு ஓடும் சாறும் அல்ல. வரிசையாக இருந்த உயிரணுக்கள் சுவர் கரைந்து ஒன்றோடொன்று இணைந்து நீண்ட குழாயாகின்றன. அந்தக் குழாயின் உயிர்ச்சாறே பால். ரப்பர்த் துகள்கள், புரதங்கள், நொதிகள், லூட்டாய்டு என்று பெயர்பெற்ற நுண்பைகள் எல்லாம் அதில் மிதக்கின்றன. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் குழாய்ச் சுவரை ஒட்டித் தங்கிவிடுகின்றன. அடுத்த வெட்டுக்குள் இழந்ததையெல்லாம் அவை திரும்பவும் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு மரத்திலும் உயிரணுவின் உள்ளே இருந்ததே மங்கில் விழுந்தது.

1925-ல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. அதன் பரிசோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. தலைமையகம் ஜாலான் அம்பாங்கில் எழுந்தது. இந்தக் கழகம் உருவாக்கிய ஒட்டுரகங்களில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 உலகெங்கும் நடப்பட்டது. தாய் ஜாவாவின் டிஜிர் 1, தந்தை பி.பி. 86. பி.பி. என்பது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921-ல் தொடங்கிய அந்தத் தோட்டம் நின்ற மண்ணில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. பிராங் பெசாரிலிருந்து பின்னர் வந்த பி.பி. 235, பி.பி. 260 இரண்டும் சீக்கிரமே அதிகப் பால் தரும் வேகமான ரகங்கள். பட்டை காய்வதிலும் அவை முன்னணியில் நிற்கின்றன. அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த ஊரின் பழைய பெயரை இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்கள் இன்னும் சுமக்கின்றன.

மரத்தின் களைப்பைப் பற்றி ஆய்வு நடந்த அதே காலத்தில் மனிதர்களின் களைப்பும் வெடித்தது. 1941-ல் ஆர்.ஹெச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் போராட்டம் கூலியை மட்டும் கேட்கவில்லை. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலியோடு கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற அவமானத்தை நீக்குவது ஆகியவையும் கோரிக்கைகளாக இருந்தன. மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். பலர் சயாம் மரண ரயிலுக்குப் போனார்கள். வெட்ட ஆளில்லாமல் மரங்கள் ஓய்ந்தன. 1946-ல் உளி திரும்பவும் பட்டபோது அவை நன்றாகச் சுரந்தன. அந்த ஓய்வு மரத்துக்குக் கிடைத்த விதத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பொற்காலம் என்று தயங்காமல் சொல்லலாம். 1959-ல் மொய்ர் பாலை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, அது அடுக்கடுக்காகப் பிரிவதைக் காட்டினார். மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர், அடியில் லூட்டாய்டுகள். லூட்டாய்டுக்குள் அமிலத்தன்மை, வெளியே நடுநிலை. உள்ளே செரிக்கும் நொதிகளும் நேர்மின் புரதங்களும் இருக்கின்றன. வெளியே எதிர்மின் ஏறிய ரப்பர்த் துகள்கள். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய சவ்வு.

வெட்டிய மரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் தானாக நிற்பது ஏன் என்ற கேள்வி அடுத்து வந்தது. வெளியே தெரியும் கோட்டில் பால் உறைவதுதான் காரணம் என்று வெகுநாள் எண்ணினார்கள். 1966-ல் பாக்கியநாதனும் போட்மனும் டெய்சமும் சேர்ந்து, நீர்த்த பாலில் துகள்கள் தாமாகத் திரள்வதைக் காட்டினார்கள். 1968-ல் சதர்ன் வெட்டுக்கோட்டை ஒட்டிய பட்டையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அடைப்பு குழாய்க்கு உள்ளேயே இருப்பதைக் கண்டார். எட்வினோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு குற்றவாளியைச் சுட்டியது. பால் பாயும் வேகத்திலும் நீர்ப்பிலும் லூட்டாய்டுகள் உடைகின்றன, உள்ளிருந்தவை கொட்டுகின்றன, ரப்பர்த் துகள்கள் திரண்டு அடைக்கின்றன.

எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது என்பது தெரிய இன்னும் கால்நூற்றாண்டு ஆயிற்று. லூட்டாய்டுக்குள் ஹெவீன் என்ற சின்னஞ்சிறு புரதம் உண்டு. 43 அமினோ அமிலங்கள்தான். 1960-ல் பிரிட்டனில் ஆர்ச்சர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்திருந்தார். 1994-ல் ஜிட்ரோல், கிரெஸ்டின் முதலியோர் அதன் கூட்டாளியை அடையாளம் கண்டார்கள். ரப்பர்த் துகளின் மேல் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் இருக்கிறது. ஹெவீன் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. துகளோடு துகள் இப்படிக் கோத்துக்கொள்வதால் பால் உறைகிறது. காயத்தை மூடும் நல்ல வேலை இது. ரப்பர் கையுறை போட்ட தாதியரின் கையில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஒவ்வாமைப் புரதங்களில் இந்த ஹெவீனும் ஒன்று. கிள்ளானிலும் மேருவிலும் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, கையுறையில் எஞ்சும் பால்புரதத்தை எப்படிக் கழுவி எடுப்பது என்பது மலேசியாவின் ஏற்றுமதிக் கவலை ஆயிற்று.

ஆக, மரத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. வெட்டு விழுந்தால் அது பூட்டிக்கொண்டு மீதிப் பாலைக் காக்கிறது. தொழிலின் பார்வையிலோ அது நட்டம். அந்தப் பூட்டைத் தளர்த்த ஒரு வழி கிடைத்தது. 1968-ல் ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன் மூவரும் கழகத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை உலக ரப்பர்த் தொழிலையே மாற்றியது. எத்திஃபோன் என்ற வேதிப்பொருளைப் பட்டையில் தடவினால் உள்ளே எத்திலீன் வாயு வெளிப்படுகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன். அதன் தூண்டலில் அடைப்பு தள்ளிப்போகிறது. பால் மணிக்கணக்கில் ஓடுகிறது. எத்ரெல் என்ற வணிகப் பெயரில், செம்பனை எண்ணெயில் கலந்து, வெட்டுக்கோட்டின் கீழே சுரண்டிய பட்டையில் தூரிகையால் பூசினார்கள். அதே வெட்டில் விளைச்சல் வெகுவாகக் கூடியது.

எத்ரெல்லை அளவோடு பூசினால் நல்ல கருவி. அளவு மீறினால், மாதக்கணக்கில் ஓயாமல் பூசினால், மரங்கள் காய்ந்தன. 1975-ல் கோலாலம்பூரில் நடந்த அனைத்துலக ரப்பர் மாநாட்டில் பரஞ்சோதி, கோமஸ், இயாங் மூவரும் பிரவுன் பாஸ்ட் உருவாகும் உடலியலை முன்வைத்தார்கள். பால் நிற்பதற்கு முன்பே குழாய்க்குள் லூட்டாய்டுகள் சிதைகின்றன என்ற திசையில் சான்றுகள் சேர்ந்தன. மரம் காயத்தை மூட வைத்திருக்கும் அதே பூட்டு, காயமே படாத இடத்தில், குழாயின் ஆழத்தில் பூட்டிக்கொள்கிறது. பக்கத்து உயிரணுக்கள் குழாய்க்குள் புடைத்து வளர்ந்து அதை நிரந்தரமாக அடைக்கின்றன. பட்டை பழுப்பாகிறது.

இதே ஆண்டுகளில் தோட்டங்களோடு தொடர்பே இல்லாத ஆய்வகங்களில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1972-ல் கெர், வில்லி, கரி மூவரும் உயிரணுக்கள் கொலையாகாமல் ஒழுங்காகத் தாமே இறக்கும் ஒரு முறையை விவரித்து, அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றில் பிரென்னரும் சல்ஸ்டனும் ஹார்விட்சும் அதை மரபணு மரபணுவாகத் தொடர்ந்தார்கள். அந்தப் புழு வளரும்போது 1,090 உடல் உயிரணுக்கள் உருவாகின்றன. அவற்றில் 131 குறித்த நேரத்தில் இறக்கின்றன. எந்த 131 என்பதுகூட மாறுவதில்லை. 2002-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மரணத்தை நடத்துவது புரதங்களின் சேர்க்கைதான். நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுகளுக்கு நடுவில் சைட்டோகுரோம் சி என்ற புரதம் சக்தி உற்பத்தியில் வேலை செய்கிறது. அது அங்கே இருக்கும்வரை உயிர் காக்கும் புரதம். சவ்வைத் துளைக்கவல்ல புரதங்களை பி.சி.எல்.-2 குடும்பத்துக் காவல் புரதங்கள் பற்றிப் பிடித்து வைத்திருக்கின்றன. உயிரணு மோசமாகச் சேதமானால் வேறு புரதங்கள் வந்து காவலர்களின் கையில் ஒட்டிக்கொள்ள, துளைப்பவை விடுபடுகின்றன. சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. வெளியே அது அபாஃப்-1 என்ற புரதத்தைச் சந்திக்கிறது. ஏழு இணைகள் கூடி ஒரு சக்கரமாகின்றன. அந்தச் சக்கரம் கேஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகளை எழுப்ப, அவை உயிரணுவைத் துண்டு துண்டாக ஒழுங்குபடுத்தி முடிக்கின்றன. அமெரிக்காவில் ஷியாவ்டோங் வாங்கின் குழு 1996, 1997 ஆண்டுகளில் இந்தச் சங்கிலியின் கண்ணிகளைப் பிடித்தது. புதிதாக ஒரு நஞ்சும் உயிரணுவுக்குள் வரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவை இடம் மாறிச் சந்தித்தன, அவ்வளவுதான்.

தாவரங்களில் இந்தச் சங்கிலி அப்படியே இல்லை. அபாஃப்-1 கிடையாது, உண்மையான கேஸ்பேஸ்களும் கிடையாது. தூரத்து உறவான மெட்டாகேஸ்பேஸ்கள் உண்டு. நோய் எதிர்ப்புப் புரதங்கள் சில, அபாஃப்-1-ன் நடுப்பகுதியைப் போன்ற அமைப்பைக் கொண்டவை என்பது 1998-ல் தெரிந்தது. 2019-ல் சீன ஆய்வாளர்கள் அப்படி ஒன்று ஐந்து பேராகச் சேர்ந்து சக்கரமாவதைப் படம் பிடித்தார்கள். 2004-ல் கியோட்டோவில் ஹட்சுகாயும் சகாக்களும், புகையிலை இலையில் வைரஸ் தாக்கிய உயிரணு, தன் நொதிப்பையை உடைத்துக்கொண்டு இறப்பதைக் காட்டினார்கள். அந்தப் பையிலிருந்த நொதி ஒன்று கேஸ்பேஸின் வேலையைச் செய்தது.

நொதிப்பை உடைகிறது, உயிரணு சாகிறது. சுங்கை பூலோவின் லூட்டாய்டு ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. லூட்டாய்டும் அப்படி ஒரு நொதிப்பைதான்.

இலையில் இந்த மரணம் மரத்தைக் காக்கிறது. தென் அமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை வந்து இறங்கிய இடத்தில் எதிர்ப்புள்ள மரத்தின் உயிரணுக்கள் உடனே இறந்து, பூஞ்சைக்கு உணவில்லாமல் செய்கின்றன. அந்த எதிர்ப்பு இல்லாத மரங்களை வரிசையாக நட்டுத்தான் ஹென்றி ஃபோர்டு அமேசானில் 1928-ல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியாவை இழந்தார். மலேசியாவை அந்தப் பூஞ்சை இன்றுவரை எட்டவில்லை. அது எட்டிவிடுமோ என்ற அச்சத்தில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ட்ரினிடாடிலேயே ஒரு ஆய்வுப் பிரிவை வைத்திருந்தது.

பட்டையில் அதே திறமை வேறு முகம் காட்டுகிறது. 1980-களில் கிரெஸ்டின், எத்ரெல் மிதமிஞ்சிப் பூசிய மரங்களில் லூட்டாய்டுச் சவ்வில் இருக்கும் ஒரு நொதி வினைமிகு ஆக்சிஜனை உமிழ்ந்து, தன் சவ்வையே அரிக்கிறது என்று காட்டினார். அதைத் தணிக்கும் தயோல் முதலிய பொருள்கள் பாலோடு மங்கில் விழுந்து குறைந்துபோயிருக்கின்றன. 2003-ல் சீனத்தின் ஹைனானில் ஷௌச்சாய் சென்னின் குழு, நல்ல மரத்தில் தாராளமாக இருக்கும் எச்.பி.மிப்1 என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதத்தின் வெளிப்பாடு, காய்ந்த மரத்தில் குறைந்திருப்பதைக் கண்டது. 2011-ல் அதே மரபணுவைப் புகையிலையில் புகுத்திப் பார்த்தபோது, நெருக்கடி தந்தாலும் புகையிலை உயிரணுக்கள் எளிதில் சாகவில்லை. இந்தியாவில் வெங்கடாசலமும் துளசீதரனும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், காய்ந்த மரங்களில் டாம்20 என்ற புரதத்தின் மரபணு அடங்கியிருந்தது. புதுப் புரதங்களை மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் அடையாளம் கண்டு பற்றி உள்ளே அனுப்புவது அதன் வேலை. வாசலில் ஆளில்லாவிட்டால் இழந்ததை ஈடுகட்டும் சக்தி எங்கிருந்து வரும்?

முதல் சில மாதங்களில் ஓய்வு கொடுத்தால் மரம் திரும்பிவிடும். சவ்வு அரிக்கப்பட்டிருந்தாலும் உயிரணு இன்னும் முடிவெடுத்துவிடவில்லை. பட்டை பழுப்பாகிவிட்டால் அந்தப் பட்டையில் திரும்பிவர வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே என்பதுதான் இந்தத் தொழில் முழுவதற்கும் ஆதாரமான கேள்வி.

இந்த வரலாற்றின் ஏடுகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. எல்லை நெருங்குவதை முதலில் பார்த்தவர்கள் அதில் இல்லை. கடைசிச் சொட்டு நிற்க நேரமாவதை, பால் தண்ணீராவதை, கோட்டின் ஒரு மூலை மட்டும் காய்வதை அன்றாடம் ஐந்நூறு மரங்களில் பார்த்தவர் நிரையில் நின்ற ஆளோ அவர் மனைவியோதான். கழகம் பின்னாளில் வகுத்த முன்னறிகுறிகள் பெரும்பாலும் இவையே. ஆனால் தோட்டம் கூலியைக் கணக்கிட்டது பாலின் எடையை வைத்து. தினக்கூலிக்கு மேல் கிடைத்த காசு கூடுதல் ராத்தலுக்குத்தான் கிடைத்தது. மரம் களைத்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்று சொல்பவருக்கு அன்றைய கணக்கில் நட்டமே மிஞ்சும். மறுநடவுக்கு முந்தைய ஆண்டுகளில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிவிடும்படி மேலும் கீழும் கோடு போடச் சொன்னதும் நிர்வாகம்தான். பட்டை கெட்டால் திட்டு வாங்கியவர் வெட்டியவர். புரதங்களின் மொழியில் இன்று படிக்கும்போது, மரத்தின் மேல் போட்ட அவசரமும் மனிதர் மேல் போட்ட அவசரமும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை என்பது தெளிவாகவே தெரிகிறது.

ஆள் பற்றாக்குறை வந்தபோதுதான் மரத்துக்கு ஓய்வும் வந்தது. 1970-களுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று தளர்ந்தது. குறைந்த அளவு எத்திஃபோனை அதோடு சேர்த்துப் பரிந்துரைத்தார்கள். அதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெட்ட மரங்களே அருகிவிட்டன. எஃபிங்ஹாம் தோட்டத்தில் 1950-களிலேயே பெட்டாலிங் ஜெயா எழுந்திருந்தது. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. மற்ற இடங்களில் செம்பனை ஏறியது. லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் கிள்ளானின் அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் தொடங்கிப் பல ஊர்களில் சிதறின. 1998-ல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. சுங்கை பூலோவின் பரிசோதனை மரங்கள் நின்ற 2,300-க்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம் ஊழியர் சேமநிதியின் கைக்குப் போய், குவாசா டாமன்சாரா என்ற நகரமாக எழுகிறது. எம்.ஆர்.டி. நிலையம் 2016-லேயே வந்துவிட்டது.

மலேசியாவின் ரப்பரில் பெரும்பங்கை இப்போது தருபவர்கள் சிறுதோட்டக்காரர்கள். அவர்களுக்காக ஆய்வகம் வைத்திருக்கும் கருவி பால்சோதனை. கோட்டிலிருந்து சில துளிகளை எடுத்து அதில் சர்க்கரை, கனிம பாஸ்பரஸ், தயோல், திடப்பொருள் ஆகிய நான்கையும் அளக்கிறார்கள். தயோல் சரிந்திருந்தால் லூட்டாய்டுச் சவ்வைக் காக்க ஆளில்லை என்று அர்த்தம். அந்த மரத்தை ஓயவிட வேண்டும். மெட்டாகேஸ்பேஸ்களில் எது பால்மரத்தின் பட்டையில் கடைசி வெட்டைப் போடுகிறது, அதைத் தடுத்துப் பிடிக்கும் காவல் புரதம் எது என்ற தேடல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பி.பி. 260 நட்டவர்களுக்கு அந்த விடை சீக்கிரம் வேண்டும்.